அவர்கள் கேட்பது பிச்சை அல்ல, ஒரு வாசல்



நாகப்பட்டினம் பேருந்து நிலையத்திலோ வேளாங்கண்ணிக் கடைத்தெருவிலோ திருநங்கை ஒருவர் நம்மிடம் கை நீட்டினால் என்ன செய்கிறோம்? சில்லறையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். எந்த வகுப்புவரை படித்தார், ஏன் நிறுத்தினார் என்று நாம் கேட்பதில்லை. பள்ளியில் கேலி, வீட்டில் அடி, பிறகு வீட்டைவிட்டே வெளியேற்றம். இதுவே அவர்களில் பலருடைய கதை. படிப்பு நின்றதால் வேலை கிடைப்பதில்லை.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபோது, தமிழகக் கடலோரத்தில் வாழ்ந்த திருநங்கையர் பலர் நிவாரணக் கணக்கில் விடுபட்டதைப் பின்னர் வந்த ஆய்வுகள் எடுத்துரைத்தன. குடும்பம் கைவிட்டவருக்குக் குடும்ப அட்டை ஏது? 2008-இல் தமிழக அரசு அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது.

ஆனால் அரசுக்காக மட்டும் அவர்கள் காத்திருக்கவில்லை. அதே 2008-இல் கல்கி சுப்ரமணியம் 'சகோதரி' அமைப்பைத் தொடங்கினார். மதுரையில் பிரியா பாபு திருநங்கையர் ஆவண மையத்தை உருவாக்கினார். இருவருமே திருநங்கையர். அடிபட்டவருக்குத்தான் அடிபட்டவரின் அச்சம் புரியும். தன்னைப் போன்ற ஒருவரே ஆசிரியராக நிற்கும்போது, 'என்னாலும் முடியும்' என்ற துணிவு மாணவருக்குப் பிறக்கிறது.

அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்ததையும் அறிவோம். படிப்பை இடையில் விட்ட திருநங்கையரும் திருநம்பியரும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுத, 2016 டிசம்பரில் கொச்சியில் 'சகஜ்' என்னும் பள்ளி தொடங்கப்பட்டது. நடத்த முன்வந்தவர் விஜயராஜ மல்லிகா என்ற திருநங்கை. இடம் கேட்டு அலைந்தபோது பலர் மறுத்தனர். இறுதியில் கட்டடம் கொடுத்தவர்கள் கார்மேல் சபை அருட்சகோதரிகள்! அவர்கள் பள்ளியைத் தங்களுடையதாக்கிக்கொள்ளவில்லை, வாசலைத் திறந்துவிட்டார்கள்.

நம் தஞ்சை மண்ணிலும் இதற்கு முன்னோடி உண்டு. மதுரையிலிருந்து வந்த நர்த்தகி நடராஜைத் தஞ்சை கிட்டப்பா பிள்ளை மாணவியாக ஏற்றுப் பரதம் கற்பித்தார். 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் திருநங்கை அவரே.

திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில், எத்தியோப்பிய அண்ணகர் ஒருவர் தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாசிக்கிறார். பொருள் புரியவில்லை. பிலிப்பு அவரைக் கீழே இறங்கி வரச் சொல்லவில்லை. அவர் அழைக்க, தேரில் ஏறி அருகில் அமர்ந்தார். வழியில் தண்ணீரைக் கண்டதும், திருமுழுக்குக்குத் தடை என்ன என்று கேட்டவர் அந்த அண்ணகரே. பிலிப்பு தடை எதுவும் சொல்லவில்லை.

நாம் என்ன தடை சொல்கிறோம்? வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் மறுக்கிறோமா? தனித்தேர்வராகப் படிக்க விரும்புவோருக்கு மாலை வேளையில் பங்கு மன்றத்தைத் திறந்துவிட முடியாதா? எல்லாவற்றிற்கும் மேலாக, நம் வீட்டுப் பிள்ளை ஒருநாள் அழுதுகொண்டே தன் நிலையைச் சொன்னால், அந்தப் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்புவோமா, பள்ளிக்கு அனுப்புவோமா?

சிந்திப்போம். வாசலைத் திறப்போம்.