யோசனை சொன்னவர் நாற்காலியில் அமர்ந்தார்!

டாக்டருக்குப் பீஸ் உண்டு. வக்கீலுக்கும் உண்டு. வியாபாரிக்கு யோசனை சொன்னால் யார் பணம் கொடுப்பார்கள்?

கொடுப்பார்கள் என்று நம்பினார், ஜேம்ஸ் மெக்கின்சி. இவர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கணக்கியல் பேராசிரியர். 1926-ல் வியாபாரிகளுக்கு யோசனை சொல்வதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். போன வருஷ நஷ்டத்தைக் கணக்கில் காட்டுவதோடு நிற்கமாட்டார். வரப்போகும் வருஷத்தின் வரவு செலவையும் முன்கூட்டியே திட்டம் போடச் சொல்வார். அப்போது அது புதுமை!

சிகாகோவின் புகழ்பெற்ற கடை மார்ஷல் பீல்டு. பொருளாதார மந்தத்தில் அதற்குப் பலத்த அடி. 1935-ல் மெக்கின்சியை அழைத்தார்கள். நஷ்டம் தரும் மொத்த வியாபாரத்தை மூடிவிடச் சொன்னார். அப்படியானால் நீரே வந்து செய்யும் என்று தலைவர் பதவியையே கொடுத்துவிட்டார்கள்!

காகிதத்தில் அது ஒரு வரி. கடையிலோ ஏராளமான குடும்பங்களின் பிழைப்பு. வேலை இழந்தவர்களின் வசையெல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது. யோசனைக்காரராக இருந்தால் பீஸை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிவிடலாம். முதலாளி நாற்காலியில் அமர்ந்தவர் எங்கே போவது?

1937 நவம்பரில் நிமோனியா காய்ச்சலில் காலமானார். வயது 48. அவர் பெயர் தாங்கிய கம்பெனி இன்றும் உலகெங்கும் யோசனை சொல்லி வருகிறது.