சோழப் பேரரசு சரிந்தபோது ஜவ்வாது மலையடிவாரத்தில் நடந்தது என்ன?

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று மலை ஊராட்சிகள் வரும். சாமை விளையும் பூமி. இந்த மலையை நடுவில் வைத்துச் சுற்றிலும் உள்ள ஊர்களைப் பாருங்கள். தெற்கே செங்கம். தென்மேற்கே தருமபுரி, அதாவது பழைய தகடூர். கிழக்கு அடிவாரத்தில் படைவீடு. அந்தப் பக்கமே போளூரை ஒட்டித் திருமலை. 12ஆம் நூற்றாண்டு முடியும் நேரத்தில் இந்த வட்டாரம் அதியமான், சம்புவராயர் போன்ற குறுநில மன்னர்கள் கையில் இருந்தது. அத்தனை பேருக்கும் மேலே பெயரளவில் ஒரே சக்கரவர்த்தி, மூன்றாம் குலோத்துங்க சோழன்.

பேரரசு தளர்ந்தால் ஓரத்தில் இருக்கும் சிறு நாடுகள் விலகப் பார்க்கும். 1918-இல் ரஷ்யப் பேரரசின் ஓரங்களில் இது நடந்தது; 1991-இல் சோவியத் ஒன்றியம் 15 நாடுகளானது. நம் ஊரில் இது நடந்தபோது எப்படி இருந்தது என்பதற்குச் சான்று, ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள கோயில் சுவர்களிலேயே இருக்கிறது.

யாருடைய ஆண்டு?

அந்தக் காலத்தில் சுதந்திரப் பிரகடனம் எதுவும் கிடையாது. இருந்தது கல்வெட்டின் முதல் வரி. கோயிலுக்கு ஆடு கொடுத்தாலும் நிலம் கொடுத்தாலும், இன்ன சோழ தேவர்க்கு யாண்டு இத்தனையாவது என்று தொடங்கித்தான் வெட்டுவார்கள். கொடுப்பவர் சிற்றரசராகவே இருந்தாலும் காலக்கணக்கு சக்கரவர்த்தியுடையது. அந்த வரியில் எப்போது பெயர் மாறுகிறதோ, அப்போது நாடு கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

பெயர் மாறுவதற்கு வெகு காலம் முன்பே பணம் கைமாறிவிட்டது. ஊர்க்காவலுக்காக வாங்கப்படும் பாடிகாவல் வரி கொஞ்சம் கொஞ்சமாகச் சிற்றரசர்கள் வசம் போனது. காவலும் அவர்களுடையது, காவல் கூலியும் அவர்களுடையது என்றானபின், ஊர்க்காரனுக்குச் சக்கரவர்த்தி எவ்வளவு தூரமாகத் தெரிந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

படையும் அப்படித்தான். 1170-களை ஒட்டி இலங்கைப் படை பாண்டிய நாட்டில் புகுந்து வடக்கே நெருங்கியபோது, தொண்டை மண்டலத்தில் இருந்த எதிரிலி சோழச் சம்புவராயன் கலங்கிப்போனான். உமாபதி தேவர் என்ற சிவாச்சாரியாரிடம் ஓடி வேண்டுதல் செய்யச் சொன்னான். அவர் 28 நாள் பூசை செய்தார், எதிரி பின்வாங்கினான், நன்றிக்காக ஆற்பாக்கம் என்ற ஊரையே அவருக்கு எழுதிக்கொடுத்தான். காஞ்சிபுரத்தை அடுத்த ஆற்பாக்கத்துக் கல்வெட்டு சொல்லும் கதை இது. பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் காப்பாற்றப் பேரரசு இருக்கிறது என்ற நம்பிக்கை உறுதியாக இருந்திருந்தால் கல்வெட்டின் தொனி வேறாக இருந்திருக்கும்.

தமக்குள் ஒப்பந்தம்

அடுத்த கட்டம்தான் சுவாரசியம். குலோத்துங்கன் ஆட்சிக் காலத்திலேயே சிற்றரசர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொள்ளத் தொடங்கினார்கள். செங்கம் கோயிலிலும் அத்தகைய கல்வெட்டு இருக்கிறது. ஒருவருக்கொருவர் துணையாக இருப்போம், ஒருவரின் பகைவரோடு இன்னொருவர் உறவு வைத்துக்கொள்ள மாட்டோம் என்பதுதான் இந்த உடன்படிக்கைகளின் சாரம். தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள், செங்கேணிக் குடியைச் சேர்ந்த சம்புவராயர்கள், கோலார்ப் பக்கத்துக் கங்கன் சீயகங்கன் ஆகியோர் இந்தக் காலத்துப் பெரிய புள்ளிகள். பவணந்தி முனிவரை ஆதரித்து நன்னூல் எழுத வைத்தவன் இந்தச் சீயகங்கன்தான். இலக்கணம் படித்தவர்களுக்கு அவன் பெயர் பழக்கம்.

ஒரே சக்கரவர்த்திக்குக் கட்டுப்பட்ட இருவர், அவரை விட்டுவிட்டுத் தமக்குள் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டால் அதன் பொருள் என்ன? சண்டை வந்தால் அவர் வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும் அந்தக் கல்வெட்டுகளும் சோழனின் ஆட்சியாண்டைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. பேரரசின் சரிவை இதைவிடச் சுருக்கமாக எந்த வரலாற்றுப் புத்தகமும் சொன்னதில்லை என்பேன்.

விடுகாதழகிய பெருமாள் இன்னொன்றும் செய்தான். திருமலையில் சேரர் குடியைச் சேர்ந்த எழினி முன்பு வைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்துக் கல்வெட்டு வெட்டினான். எழினியின் வழியில் வந்தவன் என்று தன்னைக் காட்டிக்கொண்டான். தனித்து நிற்க நினைப்பவன் முதலில் பழைய வம்சத்தைத் தேடிப்பிடிப்பான். எல்லாத் தேசத்திலும் இதே வழக்கம்தான்.

சக்கரவர்த்தியே சிறையில்

குலோத்துங்கன் 1218-இல் போய்ச் சேர்ந்தான். அடுத்து வந்த மூன்றாம் ராஜராஜன் காலத்தில் மூடுதிரை விலகியது. காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றில் சோழப் படையை முறியடித்து, 1231-இல் ராஜராஜனைப் பிடித்துச் சேந்தமங்கலம் கோட்டையில் அடைத்தான். சேந்தமங்கலம் இன்றைய உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். சிற்றரசன் சக்கரவர்த்தியைச் சிறைவைத்த சம்பவம் தமிழ்நாட்டு வரலாற்றில் அரிது.

மீட்க வந்தது யார் தெரியுமா? ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன். அவனுடைய தளபதிகள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பய்யனும் வழியெங்கும் ஊர்களை அழித்துக்கொண்டு வந்து, சோழனை விடுவித்து மீண்டும் அமர்த்தினார்கள். கடலூர் அருகே திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டில் இந்தப் படையெடுப்பு ஊர் ஊராக விவரிக்கப்பட்டிருக்கிறது. சோழ அரசைத் திரும்ப நிறுவியவன் என்ற பட்டம் நரசிம்மனுக்குக் கிடைத்தது. சோழனுக்குக் கிடைத்தது வெளியார் தயவில் ஒரு நாற்காலி.

கோப்பெருஞ்சிங்கன் ஓயவில்லை. 1243 முதல் கல்வெட்டுகளில் சோழன் பெயர் இல்லாமல் தன் ஆட்சியாண்டையே கணக்கிட்டான். சகல புவனச் சக்கரவர்த்தி என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். சிதம்பரத்தில் கோபுரத் திருப்பணி செய்தான். இந்த வாழ்வு எவ்வளவு நாள்? 1251-இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தர பாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, அவனைப் பணியவைத்து, நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். பணிந்தே காலம் தள்ளிய கோப்பெருஞ்சிங்கனின் கடைசி ஆண்டும் கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரனின் கடைசி ஆண்டும் ஒன்றுதான், 1279.

படைவீட்டின் நாற்பது ஆண்டு

சம்புவராயர்கள் பொறுமையானவர்கள். சோழனுக்குப்பின் பாண்டியனுக்குக் கீழ்ப்படிந்தார்கள். 1311-இல் மாலிக் காபூர் மதுரைக்கு வந்துபோனபின் பாண்டிய அரசு நொறுங்கியது. தில்லி சுல்தானின் கை தெற்கே நிலைக்கவில்லை. மதுரையில் அவர் வைத்த அதிகாரியே 1335 வாக்கில் தனி சுல்தான் ஆனார். இந்தக் குழப்பத்தில்தான் ஏகாம்பரநாதச் சம்புவராயன் 1322 வாக்கில் முழுச் சுதந்திர அரசனானான். வென்று மண்கொண்டான் என்பது அவன் பட்டம். அவனுக்குப்பின் ராஜநாராயணன். தலைநகர் ஜவ்வாது அடிவாரத்துப் படைவீடு. மலையே மதில். இன்று ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள் மிதிக்கும் மண், ஒரு காலத்தில் தனி நாட்டின் தலைநகர்.

1360-களின் தொடக்கத்தில் விஜயநகரத்திலிருந்து புக்கரின் மகன் குமார கம்பணன் படையோடு இறங்கினான். சம்புவராயனின் ராஜகம்பீரன் மலைக்கோட்டை விழுந்தது. கம்பணனின் மனைவி கங்காதேவி எழுதிய மதுராவிஜயம் இந்தப் போரைச் சொல்கிறது.

சோழன், காடவன், சம்புவராயன் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். சிறு நாடுகளின் சுதந்திரத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தது, போகிற பேரரசுக்கும் வருகிற பேரரசுக்கும் நடுவில் எத்தனை ஆண்டு கிடைத்தது என்பதுதான். காடவனுக்குச் சில ஆண்டு, சம்புவராயனுக்குச் சுமார் நாற்பது. பிற்காலத்திலும் இதே கணக்குத்தான். ரஷ்யப் பேரரசு சரிந்ததும் ஜார்ஜியா 1918 மே மாதம் விடுதலை அறிவித்தது. 1921-இல் செஞ்சேனை நுழைந்துவிட்டது. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் தனிநாடு என்று அறிவித்தார். வெள்ளையன் போகும் நாளிலேயே புதிய அரசு தயாராக நின்றதால் ஜூலை முடிவதற்குள் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டார்.

மலைமேல் கதை வேறு. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பழங்கதையில் காஞ்சிபுரத்து ஏழு வேளாள இளைஞர்கள் வருகிறார்கள். கங்குந்தி என்ற ஊரின் வேடர்கள் கவர்ந்த ஏழு பெண்களை மீட்கப் போனவர்கள். பாலாற்று வெள்ளத்தில் அவர்களுடைய நாய்கள் பாதியில் திரும்பி வீடு சேர, அவர்கள் இறந்தார்கள் என்று ஊரார் கருமாதியே செய்துவிட்டார்கள். திரும்பி வந்தவர்களை ஏற்கவில்லை. மலையேறியவர்கள் வேடப் பெண்களை மணந்து பயிர் செய்தார்கள். இந்தக் கதையில் காஞ்சி உண்டு, கங்குந்தி உண்டு, பாலாறு உண்டு. எந்த ராஜா பெயரும் இல்லை. ஊர்க்கவுண்டர், நாட்டாமை என்று தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொண்ட மலை நாடுகளுக்குள் அரசாங்கம் ஆழமாகக் கைவைத்தது 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகுதான். சோழனும் சம்புவராயனும் செய்யாததை ஒரு வனக்காவலர் செய்தார்.

கீழே, சம்புவராயன் தலைநகரின் பெயரை விஜயநகரத்தார் அழிக்கவில்லை. தங்கள் மாகாணம் ஒன்றுக்கே படைவீட்டு ராஜ்யம் என்று பெயர் வைத்து, அதற்கு ஒரு அதிகாரியை அனுப்பினார்கள்.