பூனையின் தவம்

மகாபலிபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு எதிரே நின்றுகொண்டு சரித்திரப் பாடம் நடத்துவதைக் காட்டிலும் சிரமமான உத்தியோகம் இவ்வுலகில் உண்டா என்பது நமக்குச் சந்தேகந்தான். ஒரு பக்கத்தில் இளநீர் விற்பவரின் குரல். மற்றொரு பக்கத்தில் சங்கு மாலை விற்பவரின் குரல். நடுவில், செங்கற்பட்டிலிருந்து பஸ்ஸில் நாம் அழைத்து வந்திருந்த நாற்பது மாணவ மாணவிகளின் குரல். இந்தக் கோலாகலத்துக்கிடையே, "ஏழாம் நூற்றாண்டில், மாமல்லன் காலத்தில் செதுக்கப்பட்டதாகக் கருதப்படும் இந்தச் சிற்பம் ஏறக்குறைய 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உடையது" என்று நாம் தொடங்கினோம். உடனே ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"ஸார், இதிலே மொத்தம் எத்தனை லெவல்?"

எல்லோரும் சிரித்தார்கள். நமக்குக் கோபம் வரத்தான் வந்தது. ஆனால் கேட்டவன் யார் என்று பார்த்ததும் வந்த கோபம் வந்த வழியே திரும்பிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்லுகிறோம்.

"லெவல் என்றால் என்னடா அர்த்தம்?" என்று கேட்டோம்.

"கீழே நாகர்கள், ஸார். நடுவிலே காடு, வேடர்கள், யானைகள். மேலே பறக்கிறவர்கள் எல்லாம் தேவலோகம். அர்ச்சுனன் ஒற்றைக் காலிலே நின்று ஆயுதம் வாங்குகிறான். இது அப்படியே கேம்தான், ஸார்! இந்த மாதிரி ஒன்று, ஊரே சேர்ந்து ஆடுகிற மாதிரி வந்தால் எப்படி இருக்கும்!"

இது அர்ச்சுனனுடைய தவமல்ல, பகீரதனுடைய தவம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அந்தச் சர்ச்சையை அன்று நாம் கிளப்பவில்லை. மாணவர்களை நிழலில் உட்கார வைத்து, "வரப் போகும் விளையாட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தோம். சரித்திரப் பாடம் நடத்தியபோது கொட்டாவி விட்டவர்களெல்லாம் முண்டியடித்துக் கொண்டு முன்னால் வந்தார்கள்.

தூங்காத உலகம்

இந்த வகை விளையாட்டை அறியாத பெரியோர்களுக்காக இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும். சதுரங்கம் ஆட இருவர் போதும். சீட்டாட நால்வர் போதும். இதிலோ ஆயிரக்கணக்கானவர்கள், தத்தம் வீட்டில் இருந்தபடியே, கம்ப்யூட்டர் வழியாக ஒரே கற்பனை உலகத்துக்குள் புகுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு வேஷம் தரிக்கிறார்கள்: வீரன், வைத்தியன், மந்திரவாதி, வியாபாரி. அவ்வுலகம் 'ஸர்வர்' எனப்படும் தூரதேசத்துக் கம்ப்யூட்டர்களில் இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கிறது. நாம் தூங்கப் போன பிறகும் அங்கே சந்தை கூடும், போர் நடக்கும், பொழுது விடியும்.

இதன் பூர்வோத்தரம் சுவையானது. 1978-ல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலை மாணவர்களான ராய் டிரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் என்னும் இருவர் முதன்முதலில் இத்தகைய உலகம் ஒன்றைப் படைத்தார்கள். அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். கதை படிப்பதுபோல் படித்துக்கொண்டே ஆட வேண்டும். 2004-ல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டுக்கு 2010-ல் ஒரு கோடியே இருபது லட்சம் சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள்.

நம்மவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. புனா நகரத்து இளைஞர்கள் புராணச் சாயலில் அமைத்த 'ராஜி' 2020-ல் வெளிவந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையையே கதைக்களமாகக் கொண்டு, டொராண்டோவில் உருவான 'வெண்பா' 2023-ல் வெளிவந்து, மறு வருஷமே இங்கிலாந்தின் பாஃப்டா பரிசைப் பெற்றது. ஆனால் இரண்டும் ஒருவர் தனியே ஆடுவன. நமது கதையும் நமது கடற்கரையும் கொண்டு, ஆயிரம் பேர் கூடி ஆடும் விளையாட்டு வேண்டும் என்பதே அன்று நமது மாணவர்களின் ஏக்கம்.

குழந்தைகள் கேட்ட வரங்கள்

முதல் வரம், உலகம் விரிந்திருக்க வேண்டும். அதில் ஒளிந்திருக்கும் இடங்கள் இருக்க வேண்டும். இதற்குக் கற்பனையே தேவையில்லை என்று நாம் சொன்னோம். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்து போனபின், இங்கிருந்து சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையின் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து தொல்பொருள் இலாகாவினர் தோண்டியபோது, மணலுக்கடியில் செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயிலே அகப்பட்டது. "அப்படியானால் கடல் பின்வாங்கும்போது மட்டும் கோயில் தெரிய வேண்டும், ஸார்" என்றான் ஒருவன். எழுதிக் கொண்டோம்.

இரண்டாவது வரத்தை ஒரு சிறுமி கேட்டாள். "எல்லோரும் வாளைத் தூக்கிக் கொண்டுதான் ஓட வேண்டுமா? நான் சிற்பியாக இருப்பேன். நான் செதுக்கின தூணை ஆயிரம் பேர் வந்து பார்க்க வேண்டும்." அவள் சொன்னபோது, சாலையோரத்துப் பட்டறைகளிலிருந்து உளியோசை கேட்டுக்கொண்டிருந்தது. இவ்வூர்க் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்ததென்பதை அவளுக்குச் சொன்னோம். முகம் மலர்ந்தாள்.

மூன்றாவது வரம் தோழமை. இதைக் கேட்டுப் பெற்றோர்கள் சிரிக்கக் கூடும். "முகம் தெரியாதவனோடு என்ன சிநேகிதம்?" என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. நார்வே தேசத்தில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞன், தசைகள் நாளுக்கு நாள் வலுவிழக்கும் வியாதியால் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து, 2014-ல் இருபத்தைந்தாம் வயதில் காலமானான். பிள்ளை சிநேகிதர் எவருமின்றிப் போனானே என்று பெற்றோர்கள் மனம் நொந்தார்கள். அவன் மரணச் செய்தியை இன்டர்நெட்டில் எழுதிய பிறகுதான் கடிதங்கள் வந்து குவிந்தன. மேலே சொன்ன வார்கிராஃப்ட் உலகத்தில் அவன் இபெலின் என்ற பெயருடன் ஓடியாடித் திரிந்தவன். பலருடைய துன்பத்துக்கு ஆறுதல் சொன்னவன். அந்தச் சிநேகிதர்களில் சிலர் வேறு நாடுகளிலிருந்து அவனுடைய ஈமச் சடங்குக்கே வந்து சேர்ந்தார்கள். வேஷம் கற்பனையானாலும் அன்பு கற்பனையன்று.

நமது ஊர் விளையாட்டு

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு வரும்போது நமக்கு ஓர் எண்ணம் உதித்தது. இவர்கள் கேட்கிறது புதிதா என்ன? நமது ஜில்லாவில் திரௌபதியம்மன் கோயில் உள்ள கிராமங்களில், வெயில் காலத்தில் பாரதம் நடக்குமே, அது என்ன? பகலில் பாரதப் பிரசங்கம். இரவு முழுவதும் கூத்து. பகாசுரனுக்குச் சோறு கொண்டு போகும் வண்டி ஊர்த் தெருவிலேயே வரும். அர்ச்சுனன் தபசு அன்று, வேஷக்காரர் உயர்ந்த தபசு மரத்தின் உச்சிக்குப் பாடிக்கொண்டே ஏறி, அங்கிருந்து பூவும் எலுமிச்சம் பழமும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசியில் படுகளம். களிமண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் கிடக்க, பீமன் தொடையில் அடிக்க, பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். பிறகு தீமிதி. அங்கே பார்க்க வந்தவர் வேறு, ஆட வந்தவர் வேறு என்ற பிரிவே கிடையாது. அதை விளையாட்டு என்று சொன்னால் பாட்டிமார் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். அது தெய்வ காரியம். ஆயினும் நம் பிள்ளைகள் கேட்ட விரிந்த உலகம், வேஷம், தோழமை மூன்றும் அதில் இருக்கின்றன.

அந்தப் பாரதத்தில் இன்னொரு இரவும் உண்டு. சூதும் துகிலுரிதலும் நடக்கும் இரவு.

தவமும் சூதும்

லெவல் எத்தனை என்று கேட்ட பையனின் சமாசாரத்துக்கு இப்போது வருகிறோம். போன வருஷம் அவன் ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. கடலோரக் குப்பத்தில் மீன் விற்று ஜீவனம் செய்யும் அவன் தாயார் ஒருநாள் மாலை நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மகளிர் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணைப் பணம், எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், அவளுடைய செல்போன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ ஒரு விளையாட்டுக்குள் போய்விட்டிருந்தது.

"பணம் போனாப் போகட்டும், ஸார். புள்ளை வாயையே திறக்க மாட்டேங்கிறான். நீங்க கூப்பிட்டுப் பேசினா பேசுவான்" என்றாள் அந்த அம்மாள்.

பேசினான். மூன்று நாட்களுக்குப் பிறகு பேசினான். அந்த விளையாட்டில் ஒரு பெட்டி இருந்ததாம். காசு கொடுத்தால் திறக்கும். உள்ளே மகத்தான வாளும் இருக்கலாம், ஒன்றுக்கும் உதவாத தகரத் தொப்பியும் இருக்கலாம். எது வரும் என்பது யாருக்கும் தெரியாது. "அடுத்த பெட்டியில் வாள் வரும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது, ஸார்" என்றான். தர்மபுத்திரரும் இதைத்தானே எண்ணினார்! அடுத்த உருட்டலில் வரும், அடுத்த உருட்டலில் வரும் என்று எண்ணித்தானே நாட்டையும் தம்பியரையும் தாரத்தையும் வைத்து இழந்தார்!

இதற்குப் பல தேசங்களில் கட்டுப்பாடு வந்திருக்கிறது. பெல்ஜியம் 2018-ல் இந்தப் பெட்டிகள் சூதாட்டமே என்று தீர்மானித்தது. பெட்டியில் எந்தப் பொருள் எத்தனைக்கு ஒரு தடவை வரும் என்பதைப் பகிரங்கப்படுத்த வேண்டுமென்ற சீனாவின் விதி 2017-ல் அமலுக்கு வந்தது. நமது மாகாணத்தில் 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேறியது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் பணம் வைத்துப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. ஆனால் இந்தப் பெட்டி தருவது பணமல்ல, வாள். சகுனி வேறு வேஷத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஆகவே, வரும் விளையாட்டில் நாம் முதன்மையாக எதிர்பார்க்கும் அம்சம் இதுதான்: ஆயுதம் தவத்தினால் கிடைக்க வேண்டும், பணத்தினால் கிடைக்கக் கூடாது. விளையாட்டைப் படைப்பவர்களும் ஜீவிக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். நியாயமே. விலை இன்னதென்று முன்னாலேயே சொல்லி விற்கட்டும். மாதச் சந்தா வாங்கட்டும். கூத்துக்காரரும் முன்பணம் பேசி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டுதான் வருகிறார். ஆனால் ஆட்டத்தின் நடுவே அர்ச்சுனன் வேஷக்காரர் இறங்கி வந்து, "இன்னும் நூறு ரூபாய் போட்டால்தான் பாசுபதாஸ்திரம் கிடைக்கும்" என்று சபையாரிடம் தட்டை நீட்டுவதில்லை.

இன்னொரு அம்சமும் வேண்டும். பாரதத்துக்கு முடிவு உண்டு. தர்மர் பட்டாபிஷேகம் ஆனபின் கொடி இறங்கிவிடும். அர்ச்சுனன் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு மறுநாள் கழனிக்குப் போவான். தூங்காத உலகத்துக்கு மட்டும் கொடியிறக்கமே இல்லை. சீனா 2021-ல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் ஒரு மணி நேரம் என்று சட்டம் போட்டது. சர்க்கார் கடிகாரத்தைவிட, விளையாட்டே இரவு பத்து மணிக்குக் கோபுரக் கதவைச் சாத்திவிடுமானால் நமக்கு அதிக மகிழ்ச்சி.

பூனை

நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு மாணவர்களை மறுபடியும் பாறைக்கு முன் நிறுத்தினோம். மேலே ஒரு தவசி, விலா எலும்பு தெரிய, ஒற்றைக் காலில், இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். எதிரே சிவபெருமான் வரம் தர நிற்கிறார். கீழே, யானைகளுக்குப் பக்கத்தில், இன்னொரு தவசி. அதே நிலை, அதே உயர்த்திய கைகள். அது ஒரு பூனை! அதன் காலடியில் எலிகள் பக்தியோடு உலாவுகின்றன.

"இரண்டும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. வித்தியாசம் என்ன?" என்று கேட்டோம்.

கூட்டம் சற்று யோசித்தது. நமது பையன்தான் பதில் சொன்னான்: "பூனை எலிக்காக நிற்கிறது, ஸார்."

திரும்பும்போது பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. பலர் தூங்கிவிட்டார்கள். அவன் எழுந்து நம் ஆசனத்துக்கு அருகில் வந்தான்.

"ஸார், நம்ம கேமிலே பூனை இருக்கட்டும். கோயில் வாசலிலே ஒரு பெட்டிக் கடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்."

"கடையா? வேண்டாமென்றுதானே இவ்வளவு நேரம் பேசினோம்?"

"இருக்கட்டும், ஸார். ஆனால் அதிலே பெட்டி வாங்குகிறவன் எலியாகிவிட வேண்டும்."

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, எல்லா வரங்களுக்கும் மேலே இதை எழுதிக் கொண்டோம்.