நடைவண்டி வாங்கும் முன்

கோட்டைக்குப்பத்திலிருந்தும் பழவேற்காடு ஏரியை அடுத்த பிற குப்பங்களிலிருந்தும் தடுப்பூசிக்காக வரும் தாய்மார்களும் பாட்டிமார்களும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: பிள்ளைக்கு ஒரு வயது ஆகப்போகிறது, அறிவு வளர எந்த மரப்பொம்மை வாங்கலாம்? மணி ஓடும் கம்பி, சுத்தியல், கடிகார முள், எண்சட்டம் ஆகிய அனைத்தையும் ஒரே பெட்டியில் பொருத்திய பொம்மைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் விலையும் அதிகம். எங்கள் விடை சிலருக்கு ஏமாற்றம் அளிக்கக்கூடும்: ஒரு நடைவண்டி போதும்.

முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று சக்கரங்களும், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குச் சட்டமும் உடைய எளிய வண்டி அது. ஆயினும் அதைப் பற்றி எழும் குழந்தை தன் எடையைத் தானே தாங்குகிறது; தள்ளினால் வண்டி நகரும், மிகுதியாகத் தள்ளினால் முந்தி ஓடும் என்பதைத் தன் கால்களாலேயே அறிகிறது. நடை பழகிய பின்னரும் அதில் கொட்டாங்கச்சிகளை ஏற்றி இறக்கிக் கயிறு கட்டி இழுத்து விளையாடும். பெட்டிப் பொம்மையில் இத்தனை வேலை இல்லை என்பது எங்கள் கருத்து.

நடைவண்டி என்று கேட்டால் சில கடைகளில் 'வாக்கர்' எடுத்துத் தருவார்கள். இரண்டும் ஒன்றல்ல. வாக்கரில் குழந்தை வளையத்தின் நடுவே அமர்ந்து கால்விரல்களால் உந்திச் செல்கிறது. இதனால் நடை விரைவில் வருவதில்லை. நொடிப்பொழுதில் படிக்கட்டையோ அடுப்பையோ எட்டிவிடும். இத்தகைய விபத்துகளின் காரணமாகக் கனடா 2004-ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்தது.

நடைவண்டியை எப்போது கொடுப்பது? பிறந்தநாளைப் பார்க்க வேண்டாம். எதையேனும் பிடித்துத் தானாக எழுந்து நிற்கத் தொடங்கியதும் கொடுக்கலாம். பெரும்பாலும் அது 9 முதல் 12 மாதங்களுக்குள் நிகழும்.

வாங்கும்போது பழைய பருத்தித் துணி ஒன்றை வண்டி முழுவதும் தேய்த்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் சிலாம்போ ஆணிமுனையோ இருக்கும். சக்கரத்தையும் அச்சாணியையும் இழுத்துப் பாருங்கள். கழன்று வரும் துண்டு பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதானாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டமே 31.7 மில்லிமீட்டர்தான். மரியா மாண்டிசோரி அம்மையார் வகுத்த புகழ்பெற்ற மரக்கட்டைக் கோபுரத்தில் மிகச் சிறிய கட்டை ஒரு சென்டிமீட்டர் அளவுடையது. மூத்த பிள்ளையின் அத்தகைய கட்டைகள் தவழும் தம்பி தங்கையரின் கைக்கு எட்டலாகாது. வண்டி இலேசாக இருந்து ஓடிவிடுகிறதெனில், சட்டத்தின் அடியில் சிறு மணல்மூட்டையை இறுகக் கட்டிவிடுங்கள்.

எல்லாவற்றினும் முக்கியமானது வண்ணப்பூச்சு. பல் முளைக்கும் குழந்தை குறுக்குச் சட்டத்தைக் கடிக்காமல் இராது. படகுக்கு அடித்து எஞ்சிய பெயின்டை வண்டிக்குப் பூச வேண்டாம் என மீனவக் குடும்பங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டுப் பயன்பாட்டுப் பெயின்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கை மீறக் கூடாது என்பது 2017 நவம்பர் முதல் நடப்பிலுள்ள விதி. படகுப் பெயின்ட் அந்த விதிக்குள் வருவதன்று. படகின் அடிப்புறத்தில் பாசி படியாமலிருக்கப் பூசும் வகையில் உயிர்க்கொல்லி மருந்தும் கலந்திருக்கும். ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்குகிறது. தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. இழைத்த மரத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்தாலே போதும்.

நிறம் வேண்டுமென்போர் கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகளைப் பார்க்கலாம். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்கை அழுத்த, உராய்வுச் சூட்டில் அது உருகி மரத்தில் படிந்துவிடுகிறது. ஆலைப் பொம்மைகளாயின் 2021 சனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா எனப் பாருங்கள். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு.

நடைவண்டி வந்ததும் வீட்டில் ஒன்று மாறுகிறது: நேற்றுவரை பாயில் இருந்த பிள்ளை இன்று வாசலில் நிற்கிறது. உலகெங்கும் நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடையேதான் மிக அதிகம். ஏரி மட்டுமல்ல, மீன் அலசும் அண்டாவும் முற்றத்து வாளியும்கூட அதற்குப் போதும். ஆகவே வண்டியுடன் வாசலுக்கு ஒரு தட்டியையும் சேர்த்தே செய்துகொள்ளுங்கள். வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். பெற்றோர் மீன்பிடிக்கவோ சந்தைக்கோ செல்லும் வேளையில் பிள்ளையைப் பார்ப்பவர் இன்னார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். வீடு நிறைய ஆள் இருக்கும்போதுதான் யாரும் பார்க்காமல் போகிறது.

18 மாதங்கள் நிறைந்தும் பிள்ளை தானாக நடக்கவில்லையெனில், வண்டியை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் எங்களிடம் அழைத்து வாருங்கள். ஒரு காலை மட்டும் இழுத்து நடந்தாலோ, எப்போதும் நுனிக்காலிலேயே நின்றாலோ அதுவரையும் காத்திருக்க வேண்டாம். வரும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள்.