காஷ்மீரின் பரம்பரைச் செம்புத் தட்டு: விருந்துக்கு முன் வெள்ளீயப் பூச்சு ஏன் அவசியம்?

ஸ்ரீநகர்: காஷ்மீரில் திருமணம், பெருநாள் விருந்துகளின்போது ‘திராமி’ எனப்படும் அகன்ற செம்புத் தட்டைச் சுற்றி நால்வர் அமர்ந்து, ஒரே தட்டில் பகிர்ந்து உண்பது மரபாகும். விருந்து சமைக்கப்படும் பெரிய பாத்திரங்களும் செம்பினால் ஆனவையே. பல வீடுகளில் இவை தலைமுறைகள் கடந்தும் புழக்கத்தில் உள்ளன.

எனினும், பூச்சு தேய்ந்த பழைய செம்புப் பாத்திரத்தை அப்படியே உணவுக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று. விருந்தில் இடம்பெறும் யக்னி, குஷ்தாபா ஆகிய இறைச்சி உணவுகள் தயிர் சேர்த்துச் சமைக்கப்படுபவை. தயிரின் புளிப்பு செம்பைக் கரைத்து உணவில் கலக்கச் செய்யும். அதனால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி ஏற்படலாம்.

இதைத் தடுக்கவே பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசப்படுகிறது. ‘கலாய்’ எனப்படும் இப்பணியில், பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகும் வெள்ளீயத்தைப் பஞ்சினால் சீராகத் தேய்க்கின்றனர்.

உட்புறத்தில் செந்நிறம் தெரியத் தொடங்கினால் மீண்டும் பூச வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், பூசிய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் வைக்கக் கூடாது. கம்பி நாரால் தேய்ப்பதையும் தவிர்க்க வேண்டும். பித்தளைச் சமையல் பாத்திரங்களுக்கும் இவை பொருந்தும்.