குறை எண்ணை மறவாதீர்

நம் சங்க நண்பர்கள் சிலர் வங்கி அதிகாரிகள் தேர்வுக்கும் ஜி-மாட் தேர்வுக்கும் படித்து வருகிறார்கள். அவர்களை மிகவும் அலைக்கழிப்பது 'டேட்டா ஸபிஷியன்ஸி' என்னும் வினாவகை. கணக்கில் வல்லவர்களே இதில் இடறுவதைக் காண்கிறேன். இங்கே விடையைக் கேட்பதில்லை. விடை காண, கொடுத்த செய்தி போதுமா என்றே கேட்கிறார்கள்.

ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். க என்பது ச-வை விடப் பெரிதா? முதற் கூற்று: க-வைச் ச-வால் வகுத்தால் ஈவு 1-க்கு மேற்பட்டது. இரண்டாம் கூற்று: இரண்டின் கூட்டுத்தொகை மிகை எண்.

முதற் கூற்றைக் கண்டதும், இருபுறமும் ச-வால் பெருக்கி, "க பெரிது, தீர்ந்தது" என்று எழுதக் கை துறுதுறுக்கும். ச மிகை எண் என்று யார் சொன்னார்கள்? க 4, ச 2 எனில் ஈவு 2, க பெரிது. க −4, ச −2 எனினும் ஈவு 2 தான். இப்போதோ க சிறிது! குறி தெரியாத எழுத்தால் பெருக்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும்.

கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் மிகையைத் தனம் என்றும் குறையை ருணம், அதாவது கடன், என்றும் வழங்கினார். இங்குள்ள ஹிந்தி நண்பர்கள் இன்றும் தனாத்மக, ருணாத்மக என்றே சொல்கிறார்கள். நானூறு ரூபாய்க் கடன் இருநூறு ரூபாய்க் கடனைப்போல் இரு மடங்கு. ஆனால் நானூறு கடன்பட்டவனே ஏழை. மெஸ் பாக்கி வைத்திருக்கும் நமக்கு இது புதிதன்று.

இரண்டாம் கூற்றும் தனியே போதாது. 3, 1 என்றாலும் 1, 3 என்றாலும் தொகை 4 அன்றோ? இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஈவு மிகை ஆதலால் இரண்டும் ஒரே குறியுடையவை. இரண்டும் குறை எண்களாயின் தொகை மிகையாகாது. ஆகவே இரண்டும் மிகை எண்கள். இனித் தாராளமாகப் பெருக்கலாம். க பெரிது. இரண்டும் சேர்ந்தால் போதும்.

வர்க்கம் குறியை மறைத்துவிடும்; வர்க்கம் 9 என்றால் எண் 3 ஆகலாம், −3 ஆகலாம். கனம் அப்படியன்று, −27 என்றால் −3 ஒன்றே. 'குறை எண் அன்று' என்பதில் பூஜ்யமும் அடங்கும். 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தாலும் செய்தி போதுமானதே; இதை மறந்து மதிப்பெண் இழப்போர் பலர். வங்கித் தேர்வில் தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழிக்கவும் செய்கிறார்கள்.

ஆதலால் 2, ½, 0, −½, −2 ஆகிய ஐந்தையும் இட்டுப் பார்க்கச் சொல்வேன். க மிகை எண்ணா என்பது வினா; அதன் வர்க்கமும் கனமும் அதை விடப் பெரியவை என்பன இரு கூற்றுகள். 2 பொருந்துகிறது. −½-ஐ இடுங்கள்: வர்க்கம் ¼, கனம் −⅛, இரண்டும் −½-ஐ விடப் பெரியவையே. சேர்ந்தும் போதா.