சின்சே மருந்தும் ஆஸ்பத்திரி மாத்திரையும்

முதுகு வலி இல்லாத தோட்டப் பாட்டாளி யார்? விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, காண்டா போட்டு வாளி சுமந்தவர்களுக்கும் வலி. செம்பனைக் குலையைத் தூக்கிப் போடுகிறவர்களுக்கும் வலி. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறார்கள். சாப்பிட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. அப்புறம் என்ன செய்கிறோம்? "டவுன்லே ஒரு சின்சே இருக்காராம், ஊசி குத்தினா சரியாப் போயிடுமாம்" என்று பக்கத்து வீட்டு அக்காள் சொல்கிறார். உடனே கிளம்பிவிடுகிறோம். டாக்டரிடம் மட்டும் மூச்சு விடுவதில்லை. ஏசுவாரோ என்ற பயம்!

சின்சேயிடம் போவது தப்பா? தப்பு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. சீன வைத்தியத்தில் சோதனையில் தேறியதும் உண்டு, தேறாததும் உண்டு, ஆளையே கவிழ்ப்பதும் உண்டு. தெரிந்துகொண்டு போங்கள் என்பதற்காகவே இந்த மாதம் இதை எழுதுகிறோம்.

தேறியதை முதலில் பார்ப்போம். நம் பாட்டன் பூட்டன் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது மலேரியாக் காய்ச்சல். அந்தக் காய்ச்சலுக்கு இன்று உலகமெங்கும் கொடுக்கும் முதன்மையான மருந்து ஒரு சீனப் பச்சிலையிலிருந்து பிறந்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1967ஆம் ஆண்டில் சீன அரசாங்கம் மலேரியாவுக்கு மருந்து தேடும் வேலையைத் தொடங்கியது. 1969இல் து யோயோ என்ற பெண்மணி அதில் சேர்ந்தார். பழைய வைத்தியச் சுவடிகளைப் புரட்டிப் பார்த்து, 'சிங்ஹாவ்' என்ற பச்சிலையை எடுத்தார். காய்ச்சி வடித்துக் கொடுத்துப் பார்த்தால் ஒரு தடவை கேட்கிறது, மறு தடவை கேட்கவில்லை. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் கே ஹோங் என்பவர் எழுதிய குறிப்பை மறுபடி படித்தார். ஒரு பிடி இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தார் அவர். கொதிக்க வைக்கச் சொல்லவே இல்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அம்மையாருக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதரில் சாறு எடுத்தார். 1971இல் எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்தபோது கிருமி அடியோடு மறைந்தது. அடுத்த ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் தாமும் கூட வேலை செய்தவர்களும் முதலில் சாப்பிட்டுப் பார்த்தார்கள். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த இலையையே காய்ச்சிக் குடிச்சா போதுமே" என்று கிளம்பிவிடாதீர்கள். இலைக் கஷாயத்தில் மருந்துச் சத்து குறைவு. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லவும் முடியாது. கிருமி முழுக்கச் சாகாமல் அரைகுறையாகத் தப்பினால், பிற்பாடு மாத்திரைக்கும் அடங்காமல் போகும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் அந்தச் சத்தைப் பிரித்தெடுத்து, வேறொரு மருந்தையும் கூடச் சேர்த்துத் தருகிறார்கள். நம் நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் உள்ளூர் மலேரியா 2018இல் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் மலேரியா இருக்கிறது. காட்டோரத்துத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் காய்ச்சல் வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல், அன்றைக்கே இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

இனி முதுகு வலிக்கு வருவோம். ஊசி குத்தும் வைத்தியத்தை ஜெர்மனியில் பெரிய அளவில் சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு கூட்டத்தாருக்குச் சீன முறைப்படி சரியான இடங்களில் ஊசி. இரண்டாவது கூட்டத்தாருக்கு ஒப்புக்கு ஊசி. அதாவது, கண்ட இடத்தில், ஆழமில்லாமல். யாருக்கு எந்த ஊசி என்று அவர்களுக்கே தெரியாது. மூன்றாவது கூட்டத்தாருக்கு வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சரியான ஊசி போட்டவர்களில் 100க்கு 47 பேருக்குமேல் குணம் தெரிந்தது. ஒப்புக்கு ஊசி போட்டவர்களிலோ 44 பேர்! வழக்கமான சிகிச்சையில் 27 பேர்தான்.

வேடிக்கையாக இல்லையா? ஊசியால் வலி குறைந்தது மெய். ஆனால் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன். அப்படியானால் உடம்பிலே ஓடுவதாகச் சின்சே படம் போட்டுக் காட்டுகிற பாதைகளுக்குப் பெரிய வேலை இருப்பதாகத் தெரியவில்லை. படுக்க வைத்து, அரை மணி நேரம் ஒருவர் நம்மைக் கவனித்துப் பார்க்கிறாரே, அதிலும் ஒரு குணம் இருக்கிறது. (நம் கிளினிக்குகளில் கிடைக்காதது அதுதான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஆகவே நாள்பட்ட வலிக்கு, புது ஊசி பயன்படுத்தும் இடமாகப் பார்த்துப் போங்கள், டாக்டர் சொன்ன உடற்பயிற்சியையும் விடாதீர்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்தாலோ மட்டும் சின்சே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

அரசாங்கமே இதற்கு வழி செய்திருக்கிறது. 2007இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் பாரம்பரிய வைத்தியப் பிரிவைத் திறந்தார்கள். பிறகு வேறு சில அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் வந்தது. உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஆளைக் கவிழ்க்கும் சங்கதி. பாசார் மாலாமில் பொட்டலத்தில் கறுப்பு உருண்டை விற்கிறான். "ரெண்டே நாள்லே வலி பறந்திடும்!" பறக்கத்தான் செய்யும். ஏனென்றால் இப்படிப்பட்ட மருந்துகள் பலவற்றில் 'டெக்ஸாமெத்தசோன்' என்ற ஸ்டீராய்டு மருந்தைத் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் ஏறும், வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியும். இதிலே இன்னொரு ஆபத்து: பல நாள் தின்றவர்கள் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, மயங்கி விழலாம், உயிருக்கே மோசம் வரலாம். எனவே வீட்டில் யாராவது தின்றுகொண்டிருந்தால், நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். உருண்டையோடு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.

நல்ல மருந்தும் சேரக்கூடாததோடு சேர்ந்தால் கெடுதிதான். இருதய நோய்க்கு, இரத்தம் உறையாமலிருக்க 'வார்ஃபரின்' மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சீன மருந்துக் கடையில் இருதயத்துக்கு நல்லதென்று டான்ஷென் வேரையோ, பெண்கள் சூப்பில் போடும் டாங்குவாயையோ வாங்கிச் சாப்பிட்டால், மாத்திரையின் வேகம் கூடி உள்ளுக்குள்ளேயே இரத்தம் ஒழுகலாம்.

பெட்டி மருந்து வாங்கினால் அதன்மேல் எம்.ஏ.எல். என்ற எழுத்தும், எட்டு எண்களும், கடைசியில் 'டி' என்ற எழுத்தும் இருக்கிறதா பாருங்கள். அது பதிவு எண். அந்த எண் இருந்தால் நோய் தீரும் என்று அர்த்தமில்லை. மருந்தின் தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துப் பதிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எண் இல்லாததைத் தொடவே வேண்டாம்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, சீன மருந்துப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரின் மேசைமேல் வையுங்கள். அவர் ஏசினால் ஏசட்டும். சின்சேயிடம் போகும்போதும் அதே பையில் ஆஸ்பத்திரி மாத்திரைகள் இருக்கட்டும்.